ஜூலை கடைசியில் புன்டா கானா: பாசி ஒதுங்காத கிழமை எண்டு ஒண்டு இருக்கா?

வெள்ளவத்தை வாணி (பெப்ரவரி 9, இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். பயணப் பகுதியில நான் இதுவரை வாசிச்சதுதான், எழுதினதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

வாற ஜூலை கடைசியில அம்மாவுக்கு எழுபது. தம்பி ஸ்காபரோவில, தங்கச்சி லண்டனில, நான் அம்மாவோட வெள்ளவத்தையில. மூண்டு வீட்டுச் சனமும் ஒரே நேரத்தில ஒரே மேசையில சாப்பிட்டு ஏழு வருசம். அம்மாவிட்ட என்ன வேணும் எண்டு கேட்டதுக்கு, "கடலுக்குள்ள காலை வைச்சுக்கொண்டு பேரப்பிள்ளையளோட நிக்கவேணும்" எண்டா. தம்பி உடனே டொமினிக்கன் குடியரசில புன்டா கானா எண்ட இடத்தில ஹோட்டல் பிடிச்சிட்டான். சாப்பாடு, குடி, எல்லாம் சேர்த்து ஒரே காசு. முற்பணம் 500 டொலர் கட்டியும் போட்டான். அனுப்பின படத்தில கடல் நீல மை கரைச்ச மாதிரிக் கிடக்கு.

நேற்று மேல்மாடிப் பெடியன் ஒரு வீடியோ காட்டினான். அதே கடற்கரை. மண் தெரியேல்லை. முழங்கால் உயரத்துக்கு மண்ணிறப் பாசி குவிஞ்சு கிடக்கு, உழவு மெசின் மாதிரி ஒண்டு அள்ளிக்கொண்டு நிக்குது. அது போன வருசம் ஜூலையில எடுத்ததாம்.

தம்பியிட்டச் சொன்னால், "அக்கா, நான் போனனான், அப்பிடி ஒண்டும் இல்லை" எண்டுறான். அவன் போனது பெப்ரவரியில.

ஜூலையில இது ஒவ்வொரு நாளும் இருக்குமா, இல்லாட்டி வந்து வந்து போகுமா? எந்தக் கிழமை எண்டால் தப்பலாம்? அம்மாவுக்கு மூச்சு இழுக்கிற முட்டு வருத்தமும் இருக்கு, அதையும் யோசிக்கவேணும்.

தெஹிவளை நானா (பெப்ரவரி 9, இரவு 10.15)

தங்கச்சி, ரிக்கெட் போடுற வேலையில பதினெட்டு வருஷம் இருக்கன். சுருக்கமா சொல்றன். அந்தப் பக்கம் பாசி மாசம் மார்ச் கடைசியில தொடங்கி ஆகஸ்ட் மட்டும். மே, ஜூன், ஜூலை உச்சம். நவம்பர்ல இருந்து பெப்ரவரி வரை குறைவு. உங்க தம்பி பார்த்த கடலும் உண்மை, பெடியன்ட வீடியோவும் உண்மை. ஜூலையில ஹோட்டல் விலை இறங்குறது ஏன் என்டு நினைக்கிறீங்க? சூறாவளிக் காலம் ஜூன் 1ல தொடங்கி நவம்பர் 30 வரை. பாசியும் அதோட சேர்ந்து வந்தா விலை இறங்காம என்ன செய்யும்.

விசா விஷயம்: அம்மாட பாஸ்போர்ட்ல செல்லுபடியான கனடா விசா இருந்தா டொமினிக்கனுக்குத் தனி விசா கேட்க மாட்டாங்க. ஆனா பயணத்துக்கு முந்தி ஒருக்கா தூதரகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்க, சட்டம் ராத்திரியோட ராத்திரியா மாறும்.

கொட்டாஞ்சேனை கப்பல்காரன் (பெப்ரவரி 10, காலை 6.05)

முப்பத்தொரு வருடம் சரக்குக் கப்பல்களில் எஞ்சின் அறையில் இருந்தவன். இந்தப் பாசி எனக்குப் பழைய எதிரி. கடல்நீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கும் குழாயின் வாயில் ஒரு வடிகட்டி இருக்கும். அத்திலாந்திக்கில் பாசிப் பட்டைக்குள் நுழைந்தால் அதைக் கழற்றிக் கழுவுவதே வேலை. அதனால் இதைப்பற்றி வாசித்தும் வைத்திருக்கிறேன்.

இதன் பெயர் சர்காசம். போர்த்துக்கேய மாலுமிகள் வைத்த பெயர். நமக்குக் கதிரையும் அலுமாரியும் சப்பாத்தும் தந்த அதே ஆட்கள். கொலம்பஸ் 1492இல் இதற்குள்ளால்தான் போனார். கரையே இல்லாத, நான்கு நீரோட்டங்கள் சுற்றி வளைத்த சர்காசோக் கடலில் இது காலங்காலமாக மிதந்துகொண்டிருந்தது. நம் கடற்பாசிகள் பாறையைப் பிடித்து வளர்பவை. சர்காசத்தில் மிதக்கும் இரண்டு இனங்கள் மட்டும் வாழ்நாள் முழுவதும் அடித்தரையைத் தொடாது. சிறு சிறு காற்றுக் குமிழ் மணிகள் தண்டெல்லாம் இருக்கும், அவைதான் மிதப்பு.

2011க்கு முன்னர் கரீபியன் கரைகளில் இது இவ்வளவு ஒதுங்கியதில்லை. அந்த ஆண்டிலிருந்து மேற்கு ஆபிரிக்காவுக்கும் பிரேசிலுக்கும் இடையில், சர்காசோக் கடலுக்கு வெகு தெற்கே, புதிதாக ஒரு பாசிப் பட்டை உருவாகி வருகிறது. 2013 ஒன்றைத் தவிர ஒவ்வொரு ஆண்டும் வந்திருக்கிறது. 2018 ஜூனில் அதன் நீளம் 8,850 கிலோமீற்றர், எடை 2 கோடி தொன்னுக்கு மேல் என்று தென் புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்மதிப் படங்களைக்கொண்டு கணக்கிட்டார்கள். 2025 மே மாதம் அது 3 கோடி 75 இலட்சம் தொன்னைத் தொட்டு எல்லாப் பழைய கணக்கையும் தாண்டியது. அமேசன் ஆறு கொண்டுவரும் உரச்சத்து, ஆபிரிக்கக் கரையோரம் ஆழத்திலிருந்து மேலேறும் நீர், சகாராத் தூசி என்று காரணம் பல சொல்கிறார்கள். 2009-10 குளிர்காலத்தில் வழமை மாறி வீசிய காற்று சர்காசோக் கடலில் இருந்த பாசியைத் தெற்கே தள்ளி விதை போட்டது என்பது ஒரு கருத்து. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன் பிள்ளை. "எந்தக் கிழமை" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பாசி மாதக் கணக்கில் வரும், ஆனால் ஒரு கரைக்கு அது வருவதும் போவதும் நாள் கணக்கு. இன்று குவிந்த இடம் காற்றுத் திரும்பினால் மூன்று நாளில் வெளித்துவிடும். நீங்கள் கேட்கவேண்டியது, அந்தக் கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதே.

மன்னார்ப் பெடியன் (பெப்ரவரி 10, மதியம் 12.20)

கப்பல் ஐயா சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். சர்காசம் எங்கட கடலிலயும் இருக்கு, ஆனா வேற இனம், பாறையில ஒட்டி வளருறது. அக்கரையில பாம்பன், இராமேஸ்வரம் பக்கம் அதுக்குக் கட்டக்கோரை எண்டு பேர். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, பக்கோடாப் பாசி எண்டு ஒவ்வொண்டுக்கும் அங்க தனிப்பேர் வைச்சிருக்கிறாங்கள், முத்துக்குளிக்கிற மாதிரி மூழ்கி எடுக்கிற பெண்டுகள் வைச்ச பேருகள். எங்கட பக்கம் வளர்க்கிறது வேற பாசி, கப்பாபைகஸ், கயித்தில கட்டி விடுறது. ஆகவே கடற்பாசி எண்ட உடனே எல்லாம் ஒண்டு எண்டு நினைச்சுப் பயப்பிடத் தேவையில்லை. எங்கட நாட்டுக்கு அந்த அத்திலாந்திக் பட்டை வாறேல்லை.

வெள்ளவத்தை வாணி (பெப்ரவரி 10, பின்னேரம் 5.50)

ஐயாவுக்கும் நானாவுக்கும் மன்னார்த் தம்பிக்கும் நன்றி. நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அவ வேலணை. "உது எங்கட சாதாளைதானே, சோழகத்துக்கு ஒதுங்கும், வாடைக்குப் போயிடும், அதுக்கேன் உவ்வளவு ஆராய்ச்சி" எண்டா. பிறகு, "அவங்கள் அள்ளித் தென்னைக்குப் போடுறேல்லையோ?" எண்டும் கேட்டா.

புன்டா கானா எந்தத் திசையைப் பாக்குது ஐயா?

கொட்டாஞ்சேனை கப்பல்காரன் (பெப்ரவரி 10, இரவு 8.30)

கிழக்கு. அதுதான் சிக்கல்.

அம்மா சொன்னது முழுச் சரி. சோழகம், வாடை என்று காற்றைவைத்து அவர் கணக்குப் போடுகிறார். அங்கும் அதே கணக்கு, ஒரு வித்தியாசம்தான். நமக்குக் காற்று ஆண்டில் இருமுறை திரும்பும். கரீபியனில் வியாபாரக் காற்று ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்தே வீசும். ஆகவே தீவுகளின் கிழக்குக் கன்னத்தில் பாசி அடிக்கும், மேற்குக் கன்னம் பெரும்பாலும் தப்பும். பார்படோசில் கிழக்குக் கரையான பத்ஷீபாவில் குவியும்போது மேற்குக் கரையில் ஆட்கள் தெளிந்த தண்ணீரில் நீந்துவார்கள். அதே தீவு, குறுக்கே அரை மணித்தியால ஓட்டம். அங்கே 2018 ஜூனில் பாசிக்காகத் தேசிய அவசரநிலையே அறிவித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

டொமினிக்கனில் பாவாரோ, புன்டா கானா எல்லாம் அத்திலாந்திக்கைப் பார்த்தபடி. தென்கரையில் பயாஹிபே என்ற இடம் சற்று மறைவு, அடி குறைவு. மெக்சிகோவில் கான்குன், பிளாயா தெல் கார்மென், துலும் மூன்றும் கிழக்கு முகம். கொசுமெல் தீவின் மேற்குப் பக்கமும், இஸ்லா முகேரெஸ் தீவின் வடக்குக் கடற்கரையும் தப்பும் இடங்கள். மெக்சிகோவின் பசிபிக் கரைக்கு இந்தப் பட்டை போகவே போகாது, ஆனால் அங்கே ஜூலை மழைக்காலம்.

ஐடி வேலைக்காரன் (பெப்ரவரி 11, காலை 10.02)

ஐயோ. நான் இந்த இழையைப் பார்த்திருக்கவே கூடாது. எங்கட கம்பனி வருசாந்தக் கூட்டத்தை ஜூன் ரெண்டாம் கிழமை பிளாயா தெல் கார்மெனில வைச்சிருக்கு. கொழும்பில இருந்து நாலு பேர் போறம். திகதி மாத்த என்னால ஏலாது, இடமும் மாத்த ஏலாது. கடல் பார்க்காமலே வரவேண்டியதுதானா?

தெஹிவளை நானா (பெப்ரவரி 11, காலை 10.30)

கம்பனி காசுல போறவருக்குக் கவலையைப் பாருங்க.

ஹட்டன் ராஜா (பெப்ரவரி 11, மதியம் 1.15)

அண்ணே, அக்கா, எல்லாரும் பேசுறத ரசிச்சு வாசிக்கிறேன். எங்க வீட்டுல கடல்னா லீவுக்கு மலையிலருந்து வர்றவங்கள கூட்டிக்கிட்டு காலிமுகத்திடல் போறது, ஆளுக்கு ரெண்டு இஸ்ஸோ வடை, அலை அடிச்சு செருப்பு நனைஞ்சதும் திரும்புறது. அந்தத் தண்ணில பாசி இல்ல, வேற என்னென்னமோ இருக்கு. 500 டாலரு நம்ம காசுக்கு எவ்வளவுன்னு கணக்குப் போட்டுட்டு தூங்கப் போறேன்.

கொட்டாஞ்சேனை கப்பல்காரன் (பெப்ரவரி 11, மாலை 4.00)

ஐடித் தம்பிக்கு: திகதியும் இடமும் கட்டிப்போட்டிருந்தாலும் வழி உண்டு.

தென் புளோரிடாப் பல்கலைக்கழகம் மாதாமாதம் செய்மதி அறிக்கை வெளியிடும். மத்திய அத்திலாந்திக்கில் எவ்வளவு, கிழக்குக் கரீபியனில் எவ்வளவு, மேற்கில் எவ்வளவு என்று அதில் இருக்கும். ஏப்ரல் அறிக்கையில் கிழக்குக் கரீபியன் சிவந்து கிடந்தால் ஜூனில் மெக்சிகோவுக்கு விருந்தாளி வருகிறார் என்று அர்த்தம். ஆனால் அது உங்கள் ஹோட்டல் வாசலைச் சொல்லாது. வாசலுக்கு, பிளாயா தெல் கார்மென் இருக்கும் குயின்தானா ரூ மாநிலக் கரையோரத்தைக் கடற்கரை கடற்கரையாக நிறம் பூசிக்காட்டும் வரைபடம் ஒன்று அங்குள்ள கண்காணிப்பு வலையமைப்புப் போடுகிறது. பயணத்துக்கு இரண்டு கிழமை முன்னர் அதைத் தினமும் பாருங்கள். ஹோட்டல்களின் நேரடிக் கமராவும் நல்ல சாட்சி. ஹோட்டல் போடும் படத்தை மட்டும் நம்பவேண்டாம், அது எந்த ஆண்டுப் படமோ.

அங்கே போனபின், காலையில் கடற்கரை எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் அன்றைய திட்டம் போடவேண்டும். பாசி கிடந்தால் கொசுமெல் படகு ஏறுங்கள், முக்கால் மணித்தியாலம். அல்லது உள்நாட்டுப் பக்கம் திரும்பி ஒரு செனோட்டேக்குப் போங்கள். சுண்ணாம்புக்கல் உடைந்து விழுந்து உண்டான நன்னீர்க் குழி அது. யாழ்ப்பாண ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை, நிலாவரைக் கிணற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே சுண்ணாம்புக்கல் கதை, கரையோரத்துக் குழிகளில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர்.

ஸ்காபரோ தம்பி (பெப்ரவரி 12, அதிகாலை 3.48)

அக்கா, இது நீங்கள்தானே.

எனக்கு இந்த இணைப்பை அனுப்பினது உங்கட மருமகள். "அப்பா, மாமி உங்களைப் பற்றி எழுதியிருக்கிறா" எண்டு. ஊருக்கே தெரிய என்ர 500 டொலரையும் போட்டிருக்கிறியள்.

சரி, வந்தாச்சு, சொல்லுறன். பள்ளிக்கூடம் ஜூன் கடைசியில முடிஞ்சு செப்டெம்பரில துவங்குது. தங்கச்சியின்ர பிள்ளையளுக்கு ஜூலை மூண்டாம் கிழமைக்குப் பிறகுதான் லீவு. அப்ப ஜூலை கடைசியை விட்டால் எங்க போறது? ஹோட்டல்காரன் கடலுக்குள்ள மிதப்பு வேலி போட்டிருக்கிறானாம், விடியமுதல் ஆட்கள் அள்ளிவிடுவினமாம். ஏழு நீச்சல் தடாகம் இருக்கு.

வெள்ளவத்தை வாணி (பெப்ரவரி 12, காலை 6.20)

தம்பி, கோவிக்காத. பேர் ஒண்டும் போடேல்லைத்தானே.

நீச்சல் தடாகம் எண்டால் அம்மாவை இஞ்சயே ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போயிடலாமே. கொழும்பிலயிருந்து வளைகுடா, அங்கயிருந்து ரொறன்ரோ, அங்கயிருந்து பிறகும் நாலரை மணித்தியாலம். எழுபது வயசு மனுசியை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போய் தடாகத்தில விடுறதே?

மன்னார்ப் பெடியன் (பெப்ரவரி 12, காலை 9.10)

அண்ணை, வேலி நல்லது, ஆனா முழுப் பாதுகாப்பு இல்லை. அலை பெருத்தால் பாசி வேலிக்கு மேலாலயும் கீழாலயும் வரும்.

அம்மான்ர முட்டு வருத்தத்தை எல்லாரும் மறந்திட்டியள் போல. அந்தப் பாசி கரையில ஒதுங்கி ரெண்டு நாளுக்குள்ள அழுகத் துவங்கும். அழுகினால் ஐதரசன் சல்பைட்டும் அமோனியாவும் வரும், கூழ்முட்டை நாத்தம். வெளியில ரெண்டு நிமிசம் நடக்கிறவனுக்கு மூக்கைப் பொத்தினால் சரி. முட்டு இருக்கிற ஆக்களுக்கு அது மூச்சுக்குழாயைக் கிண்டிவிடும். மார்தினிக், குவாதலூப் தீவுகளில கரையோர வீடுகளில குளிரூட்டி, மின்சாமானெல்லாம் அந்த வாயுவாலயே அரிச்சுப்போயிருக்கு. இரும்பையும் செம்பையும் அரிக்கிறது நெஞ்சுக்கு என்ன செய்யும் எண்டு யோசியுங்கோ.

அம்மான்ர தென்னைக் கேள்விக்கும் பதில்: எங்கட சாதாளையைப் போடுறமாதிரி அதைப் போடக்கூடாது. அத்திலாந்திக் சர்காசம் கடல்நீரில இருக்கிற ஆர்சனிக்கை நல்லா உறிஞ்சி வைக்கும். செங்கல், எரிவாயு, சப்பாத்து எண்டு என்னென்னவோ செய்துபாக்கிறாங்கள். சாப்பிடுற பயிருக்குப் பசளையாப் போடத்தான் தயங்கிறாங்கள்.

தெஹிவளை நானா (பெப்ரவரி 12, காலை 11.45)

நான் இப்ப கலண்டர் விரிச்சு வைச்சிருக்கன். ஒன்டாரியோ பள்ளிக்கூடத்துக்கு மார்ச் நடுவுல ஒரு கிழமை லீவு. லண்டனுக்கு பெப்ரவரியில அரைத்தவணை, பிறகு ஈஸ்டர். ரெண்டும் ஒண்டோட ஒண்டு பொருந்தாது. இங்க ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர். மூணு நாட்டுக்கும் சேர்ந்து வாறது ரெண்டே இடம்தான்: ஜூலை கடைசி - ஆகஸ்ட், இல்லாட்டி கிறிஸ்மஸ். கிறிஸ்மஸ்ல பாசி குறைவு, சூறாவளியும் முடிஞ்சிருக்கும், கடல் அருமை. ஆனா ரிக்கெட் விலையைக் கேட்டா உங்களுக்கும் முட்டு வரும்.

மார்ச்சும் முழு உத்தரவாதம் இல்ல. சில வருஷம் பெப்ரவரி கடைசியிலயே தொடங்கிடும்.

வெள்ளவத்தை வாணி (பெப்ரவரி 12, மதியம் 12.30)

டிசம்பர் எனக்கு ஏலாது நானா. மூத்தவள் ஏ.எல். எடுக்கிறாள், சோதனைத் திகதி எப்ப எங்க தாவும் எண்டு ஆருக்குத் தெரியும்.

நிர்வாகி (பெப்ரவரி 12, மதியம் 2.00)

இடையில் வந்த இரண்டு விளம்பரப் பதிவுகளை எடுத்துவிட்டோம். கடற்பாசி முகப்பூச்சு விற்பவர்கள் சந்தைப் பகுதிக்குப் போகவும்.

திருமலை ரீச்சர் (பெப்ரவரி 12, இரவு 7.40)

மூண்டு நாளா வாசிச்சுக்கொண்டு வாறன், ஒருத்தராவது சொல்லுவினம் எண்டு பார்த்தன். கொழும்புக்காரருக்குக் கடல் எண்டால் மெரின் டிரைவில இருந்து தெரியிறது மட்டும்தான் போல.

ஜூலை கடைசியில கொழும்பில சோழகம் அடிச்சு கல்கிசையில சிவப்புக் கொடி பறக்கும். அதே நாள் திருமலை நிலாவெளியில கடல் தாம்பாளத்தில ஊத்தின தண்ணி மாதிரிக் கிடக்கும். மே துவங்கிச் செப்டெம்பர் வரைக்கும் எங்கட பருவம். கச்சான் காத்து தரையில இருந்து கடலுக்கு வீசும். கப்பல் ஐயா சொன்ன கணக்கையே போட்டுப் பாருங்கோ, எங்கட கரை கிழக்கைப் பார்க்குது, காத்து மேற்கில இருந்து வருது. ஒதுங்கவேண்டியது வெளியில போகும்.

அம்மா கடலுக்குள்ள நிக்கவேணும் எண்டால் பாசிக்குடா இன்னும் நல்லம். கன தூரம் நடந்தாலும் இடுப்பைத் தாண்டாது. பிள்ளையளுக்குப் புறாத்தீவில முருகைக்கல்லும் மீனும் இருக்கு. கோட்டையில இருந்து திருமலைக்கு இரவு ரெயினும் இருக்கு. பத்து மாதம் கொழும்பில படிப்பிச்சுப்போட்டு ஓகஸ்டில அங்க போய்க் காலை வைச்சால்தான் எனக்கு உயிர் வரும்.

குறையும் சொல்லுறன்: வெயில் கொளுத்தும், பகல் பதினொரு மணிக்கு மேல கரையில நிக்க ஏலாது. சில வருசம் சொறிமுட்டையும், அதுதான் ஜெலிமீன், வரும்.

ஸ்காபரோ தம்பி (பெப்ரவரி 13, அதிகாலை 4.10)

ரீச்சர், நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனால் என்ர மனுசி, "லீவுக்கு லீவு ஊருக்குத்தானா?" எண்டு கேக்கிறா. ஊருக்கு வந்தால் லீவு இல்லை, அது சுற்றுப்பயணம். வெள்ளவத்தையில பதினேழு வீடு, யாழ்ப்பாணத்தில இருபது வீடு, ஒவ்வொரு வீட்டிலயும் தேத்தண்ணி, வடை, "ஏன் மெலிஞ்சு போனாய்". கரீபியனில எங்களை ஆருக்கும் தெரியாது, அதுதான் அதின்ர அருமை.

கொட்டாஞ்சேனை கப்பல்காரன் (பெப்ரவரி 13, காலை 5.55)

தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஜூலை பற்றி இன்னொன்று. 2024 ஜூலை முதலாம் திகதி பெரில் சூறாவளி கிரெனடாவின் கரியாகூ தீவைத் துடைத்தெறிந்தது, ஐந்தாம் திகதி துலுமுக்குப் போய்விட்டது. ஜூலை தொடக்கத்தில் அவ்வளவு பலமான சூறாவளி அங்கே வழமையில்லை, கடல் சூடானால் வழமை மாறும். ஒன்று பாசி, ஒன்று சூறாவளி. இரண்டும் வராமல் அருமையான கிழமை அமைவதும் உண்டு. நீங்கள் உங்களுக்காகப் போகிறீர்கள் என்றால் போங்கள் என்பேன், சீட்டுப்போல எடுத்துப் பார்க்கலாம். அம்மாவின் எழுபதாவது என்பதால் சீட்டு விளையாடவேண்டாம் என்கிறேன்.

ஸ்காபரோ தம்பி (பெப்ரவரி 16, காலை 7.30)

மனுசி, தங்கச்சி, மச்சான் எல்லாரோடயும் கதைச்சாச்சு. முடிவு: நிலாவெளி ஆறு இரவு. ஒரு நிபந்தனை, முதல் ஆறு நாளும் எந்தச் சொந்தக்காரருக்கும் நாங்கள் வந்தது தெரியப்படாது. கட்டுநாயக்காவில இருந்து நேரா வானில ஏறித் திருமலை. முற்பணம் திரும்ப வராது எண்டு ஹோட்டல்காரன் சொல்லிப்போட்டான். வாணி அக்கா, அதில பாதி உங்கட கணக்கு.

வெள்ளவத்தை வாணி (பெப்ரவரி 16, காலை 8.05)

நான் கால்வாசி தாறன். மேல்மாடிப் பெடியனிட்டயும் கேள்.

அம்மாவிட்டச் சொன்னன். சந்தோசம்தான், ஆனால் உடனே வீட்டுக் கலண்டரை எடுத்தா. நல்லூர்க் கோயிலில கொடியேறினால் மச்சம் தொடமாட்டாவாம், ஆகவே கடலுக்குக் கொடியேறமுதல் போகவேணும், நண்டு சாப்பிடவேணும், கொடியேறின பிறகு நேரா நல்லூர். பாசிக்குத் திகதி பார்க்க வந்தன், கடைசியில நண்டுக்குத் திகதி பார்த்திருக்கிறம்.

ஐடி வேலைக்காரன் (ஜூன் 19, இரவு 11.20)

பழைய இழையை எழுப்பிறதுக்கு மன்னியுங்கோ. போய்வந்தன், சொல்லாமல் இருக்க மனம் கேக்கேல்லை.

முதல் நாள் விடியப்புறம் நேர வித்தியாசத்தில நித்திரை வராமல் கடற்கரைக்குப் போனன். நாத்தம் முதல் வந்தது, கடல் பிறகுதான் தெரிஞ்சது. கரையில இருந்து ஒரு இருபது மீற்றருக்குத் தண்ணி தேத்தண்ணிச் சாயம். தலையில விளக்குக் கட்டின ஆட்கள் ஒரு முப்பது பேர் முள்ளுக்கரண்டி மாதிரி ஒண்டால அள்ளித் தள்ளுவண்டியில போட்டுக்கொண்டு நிண்டினம். எட்டு மணிக்கு விருந்தாளிகள் எழும்பி வர மண் வெள்ளையாக் கிடந்தது. கடல் மட்டும் சாயமாவே இருந்தது. சனம் அதையும் படம் எடுத்துக்கொண்டு நிண்டது, நிறம் திருத்தத்தான் போனில எல்லாம் இருக்கே. எனக்கு அந்த ஆட்களின்ர முகம்தான் நிக்குது. ஒரு ஆள் என்னைப் பார்த்துச் சிரிச்சார், பாசையும் தெரியாது, கையைக் காட்டி "நாளைக்கும்" எண்ட மாதிரிச் சொன்னார்.

மூண்டாம் நாள் கப்பல் ஐயா சொன்னபடி கொசுமெல் படகு. மேற்குப் பக்கம் இறங்கினால், ஐயா, நம்பமாட்டியள், காலின்ர நகம் தெரியுது. அதே கடல், அதே நாள். நாலாம் நாள் செனோட்டே. எங்களோட வந்த வெள்ளைக்காரர் வாய்பிளந்து நிக்க, நான் "எங்கட ஊரிலயும் ஒண்டு இருக்கு, ஆனால் குதிக்க விடமாட்டினம்" எண்டன். ஐஞ்சாம் நாள் காத்து மாறி ஹோட்டல் முன்கடல் பாதி வெளிச்சிட்டுது, ஆனால் அண்டைக்கு முழுநாளும் கூட்டம்.

கொட்டாஞ்சேனை கப்பல்காரன் (ஜூன் 20, காலை 6.10)

நகம் தெரிந்ததல்லவா, போதும்.

ஸ்காபரோ தம்பி (ஜூலை 22, காலை 5.35)

கட்டுநாயக்காவில நிக்கிறம். வான் வரப் பாத்துக்கொண்டு இருக்கேக்க சும்மா புன்டா கானா ஹோட்டல்காரன்ர நேரடிக் கமராவைத் திறந்து பார்த்தன். அங்க இப்ப இரவு, பின்னேரம் பதிவானதை ஓடவிட்டன். ஒரு துரும்பு பாசி இல்லை. கடல் கண்ணாடி. என்ர 500 டொலர் அதுக்குள்ள நீந்திக்கொண்டு திரியுது.

கொட்டாஞ்சேனை கப்பல்காரன் (ஜூலை 22, காலை 6.00)

நாளைக்கும் திறந்து பாருங்கள் தம்பி.

வெள்ளவத்தை வாணி (ஜூலை 22, காலை 6.02)

கமராவை மூடிப்போட்டு வாசலுக்கு வா. வெள்ளை வான். அம்மா முன் சீற்றில இருக்கிறா, செருப்பைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு.